கர்ப்பகால சுகர்: 92-ஆ, 95-ஆ, 99-ஆ, 140-ஆ? ஒரே ரத்தத்துக்கு எத்தனை தீர்ப்பு?

முதல்மழை
2025 செப்டம்பர் 3, காலை 8:12

26-ஆவது வாரம். 75 கிராம் குளுக்கோஸ் டெஸ்ட். வெறும் வயிற்றில் 94, ஒரு மணி நேரம் கழித்து 172, இரண்டு மணி நேரம் கழித்து 146 (எல்லாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராம்). ஒரு மருத்துவர் “கர்ப்பகால நீரிழிவு” என்கிறார். இன்னொருவர் “ஒன்றும் இல்லை, போய் வாங்க” என்கிறார். தேடிப் பார்த்தால் ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள். இருவரில் ஒருவர் தப்பு என்றுதானே அர்த்தம்? யார்?

சோதனைக்குழாய்
செப்டம்பர் 3, காலை 10:05

இருவருமே தப்பில்லை. நீங்கள் கொடுத்த மூன்று எண்களையும் வைத்தே பார்ப்போம்.

சர்வதேசக் குழு 2010-இல் வகுத்து, உலக சுகாதார நிறுவனம் 2013-இல் ஏற்ற அளவுகோல்: வெறும் வயிற்றில் 92, ஒரு மணியில் 180, இரண்டு மணியில் 153. மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலே போதும். 94 என்பது 92-ஐத் தாண்டிவிட்டது. எனவே நீரிழிவு.

பிரிட்டனின் சுகாதார வழிகாட்டல் அமைப்பான நைஸின் அளவுகோல்: வெறும் வயிற்றில் லிட்டருக்கு 5.6 மில்லிமோல், அதாவது சுமார் 101. இரண்டு மணியில் 7.8, அதாவது சுமார் 140. இதன்படி 94 ஒரு பொருட்டே இல்லை. ஆனால் 146 மாட்டிக்கொள்கிறது. இங்கும் நீரிழிவுதான், காரணம் மட்டும் வேறு.

கனடாவின் 75 கிராம் அளவுகோல்: 95, 191, 162. மூன்றிலும் நீங்கள் கீழே. நீரிழிவு இல்லை.

உலக சுகாதார நிறுவனமே 1999-இல் சொன்னது: வெறும் வயிற்றில் 126 அல்லது இரண்டு மணியில் 140. இதன்படி மறுபடி நீரிழிவு.

ஒரே குழாய் ரத்தம், நான்கு அளவுகோல். மூன்று ‘ஆம்’, ஒரு ‘இல்லை’. அந்த மூன்று ‘ஆம்’களும் ஒரே காரணத்துக்காகச் சொன்னவை அல்ல.

முதல்மழை
செப்டம்பர் 3, காலை 10:31

இது இன்னும் குழப்புகிறது. காய்ச்சல் என்றால் எல்லா ஊரிலும் காய்ச்சல்தானே. இதற்கு மட்டும் ஏன் இப்படி?

சோதனைக்குழாய்
செப்டம்பர் 3, பிற்பகல் 1:40

ஏனென்றால் ரத்த சர்க்கரையில் இயற்கை போட்ட கோடு எதுவும் இல்லை. இதைத்தான் ஹாப்போ ஆய்வு காட்டியது. 2008-இல் வெளிவந்தது. 9 நாடுகள், 15 மையங்கள், சுமார் 25,000 கர்ப்பிணிகள். எல்லோருக்கும் 24 முதல் 32 வாரத்துக்குள் 75 கிராம் டெஸ்ட். முடிவை அவர்களிடமும் சொல்லவில்லை, அவர்களுடைய மருத்துவரிடமும் சொல்லவில்லை (மிக அதிகமாக இருந்தவர்களுக்கு மட்டும் சொன்னார்கள்). பிறகு என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள்.

வெறும் வயிற்று அளவை ஏழு படிகளாகப் பிரித்தார்கள். கடைசிப் படி 75-க்குக் கீழே, மேல்படி 100-ம் அதற்கு மேலும். எடை மிகுந்த குழந்தை பிறந்த விகிதம் கடைசிப் படியில் 5.3 சதவீதம், மேல்படியில் 26.3 சதவீதம். தொப்புள்கொடி ரத்தத்தில் சி-பெப்டைடு (இன்சுலினோடு சேர்ந்து சுரக்கும் பொருள்) மிகுந்திருந்தது 3.7-இலிருந்து 32.4 வரை போனது. முதல் தடவையாக சிசேரியன் ஆனது 13.3-இலிருந்து 27.9 வரை. பிறந்த குழந்தைக்குச் சர்க்கரை தாழ்ந்துபோனது 2.1-இலிருந்து 4.6 வரை.

இடையில் எங்கேயும் ஒரு படி திடீரென்று எகிறவில்லை. சாய்தளம் மாதிரி சீராக ஏறுகிறது. 85-இல் இருப்பவருக்கு 80-இல் இருப்பவரைவிடச் சற்று அதிகம், 90-இல் இன்னும் சற்று அதிகம். சாய்தளத்தில் ஏதோ ஓரிடத்தில் சுண்ணாம்பால் கோடு போட வேண்டும் என்றால் மனிதர்கள்தான் போட வேண்டும். போட்டார்கள், ஆளுக்கோர் இடத்தில்.

கணக்கர்
செப்டம்பர் 3, மாலை 4:18

ஒரு திருத்தம். சேர்ந்தவர்கள் 25,505 பேர். முடிவு மறைக்கப்பட்டு, முழுத் தரவோடு கணக்கில் வந்தவர்கள் 23,316. நீங்கள் சொன்ன சதவீதங்கள் இந்த 23,316 பேரிலிருந்து வந்தவை. இரட்டைக் குழந்தை சுமந்தவர்கள் இதில் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 92 என்ற எண்ணை இரட்டைக் கர்ப்பத்துக்கு அப்படியே ஒட்டவைக்கும்போது அது நினைவில் இருக்க வேண்டும்.

சோதனைக்குழாய்
செப்டம்பர் 3, மாலை 5:02

சரி, ஏற்கிறேன். நன்றி.

சோதனைக்குழாய்
செப்டம்பர் 3, இரவு 9:20

92, 180, 153 எங்கிருந்து வந்தன என்று தனிச்செய்தியில் இருவர் கேட்டிருந்தார்கள். ஹாப்போவின் சராசரிகள்: வெறும் வயிற்றில் 80.9, ஒரு மணியில் 134.1, இரண்டு மணியில் 111. இந்தச் சராசரியில் இருக்கும் பெண்ணுக்கு என்ன அபாயம் என்று பார்த்து, அதைப் போல 1.75 மடங்கு வாய்ப்பு எந்த அளவில் வருகிறது என்று கணக்கிட்டார்கள். பார்த்த விளைவுகள் மூன்று: குழந்தையின் எடை, உடல் கொழுப்பு, தொப்புள்கொடி சி-பெப்டைடு. அந்த இடம்தான் 92, 180, 153.

1.75-க்குப் பதிலாக 2 மடங்கு என்று வைத்தால் 95, 191, 162 வரும். கனடா எடுத்துக்கொண்டது அதைத்தான். ஆஸ்திரேலியாவும் பல வருடம் 92-இல் இருந்துவிட்டு 2025-இல் இந்த மூன்றுக்கு மாறியது. ஆக, முதல்மழை கேட்ட கேள்விக்கு நேரான பதில்: அந்த இரு மருத்துவர்களுக்கும் நடுவில் இருப்பது 1.75-க்கும் 2-க்கும் உள்ள வித்தியாசம். ஒருவருக்கு அறிவு இருக்கிறது, இன்னொருவருக்கு இல்லை என்பதல்ல விஷயம்.

பழைய அமெரிக்க அளவுகோலின் பூர்வீகம் வேறு. 1964-இல் ஓ’சல்லிவனும் மஹனும் 752 கர்ப்பிணிகளுக்கு 100 கிராம் கொடுத்து, மூன்று மணி நேரம் பார்த்து, சராசரியோடு இரண்டு திட்டவிலக்கத்தை (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) கூட்டிக் கோடு போட்டார்கள். அதைச் சரிபார்த்தது தாய்க்குப் பின்னாளில் நீரிழிவு வருகிறதா என்பதை வைத்து. குழந்தை அந்தக் கணக்கிலேயே இல்லை. அந்த எண்களை முழு ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவுக்கு (அணுக்களை நீக்கிய திரவப் பகுதி) மாற்றி, 1982-இல் கார்பென்டரும் கௌஸ்டனும் திருத்தியவைதான் 95, 180, 155, 140. இதில் இரண்டு எண்களாவது தாண்ட வேண்டும். அதற்கு முன் 50 கிராம் குடித்து ஒரு மணியில் பார்க்கும் வடிகட்டல் ஒன்று உண்டு. அதன் கோடு சில இடங்களில் 130, சில இடங்களில் 135, சில இடங்களில் 140.

75 கிராமுக்கான எண்ணை 100 கிராமில் பார்ப்பதும், 50 கிராமில் வந்த 150-ஐப் பார்த்து “சுகர் உறுதி” என்பதும் அடிக்கடி நடக்கும் தவறுகள். 50 கிராம் டெஸ்ட் வெறும் சல்லடை. அதிலே மாட்டியவருக்கு அடுத்த டெஸ்ட் பார்த்த பிறகுதான் பெயர் சூட்ட வேண்டும்.

பிரசவஅறை
செப்டம்பர் 4, காலை 6:50

கோடு எங்கே என்பதைவிட எதற்காகப் போடுகிறோம் என்பதை யாரும் இன்னும் சொல்லவில்லை. தாயின் குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. வந்து சேரும் கூடுதல் சர்க்கரையைக் குழந்தையின் கணையம் சொந்த இன்சுலின் சுரந்து சமாளிக்கிறது. இன்சுலின் என்பது வளர்ச்சிக்கான ஹார்மோன். தோள், வயிறு, கொழுப்பு எல்லாம் பெருக்கும், தலை அதே அளவில் பெருக்காது. அதனால்தான் தலை வெளியே வந்த பிறகு தோள் சிக்குகிறது. கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுவிடும், ஆனால் குழந்தையின் இன்சுலின் உடனே அடங்காது. முதல் சில மணி நேரத்தில் குழந்தைக்குச் சர்க்கரை சரிவது இதனால்தான். சி-பெப்டைடை ஏன் அளந்தார்கள் என்பதும் இதில் அடக்கம். குழந்தை எவ்வளவு இன்சுலின் சுரந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

முதல்மழை
செப்டம்பர் 4, காலை 8:03

இது புரிகிறது. அப்படியானால் கோட்டைக் கீழே இறக்கினால் நிறைய குழந்தைகளைக் காப்பாற்றலாம் இல்லையா? 92 என்பதே நல்லது என்றுதானே ஆகிறது?

சோதனைக்குழாய்
செப்டம்பர் 4, காலை 11:15

அப்படித்தான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். சோதித்தும் பார்த்தார்கள்.

2021-இல் அமெரிக்காவில் 23,792 பெண்கள். பாதிப்பேருக்கு 75 கிராம் ஒரே டெஸ்ட், 92 வரிசை. மற்றவர்களுக்கு 50 கிராம் சல்லடை, பிறகு 100 கிராம். முதல் குழுவில் 16.5 சதவீதத்தினருக்கு நீரிழிவு என்று பெயர் விழுந்தது, இரண்டாவதில் 8.5. எடை மிகுந்த குழந்தைகள்: 8.9-ம் 9.2-ம். வித்தியாசம் இல்லை.

2022-இல் நியூசிலாந்தில் 4,061 பெண்கள். ஒரு குழுவுக்குத் தாழ்ந்த கோடு, 92/180/153. மற்றதுக்கு உயர்ந்த கோடு, வெறும் வயிற்றில் 99, இரண்டு மணியில் 162. நீரிழிவு என்று பெயர் பெற்றவர்கள் 15.3-ம் 6.1-ம். எடை மிகுந்த குழந்தைகள் 8.8-ம் 8.9-ம்.

இரண்டு மடங்குப் பெண்களுக்கு ‘நோயாளி’ என்ற பெயர், தினம் நான்கு தடவை விரல் குத்தல், கூடுதல் மருந்து, வலியைத் தூண்டிவிடும் பிரசவங்கள் அதிகம். மொத்தத்தில் குழந்தைகளின் எடையில் மாற்றம் இல்லை. எனவே கோட்டை இறக்கியதில் பலன் இல்லை என்றே சொல்வேன்.

கணக்கர்
செப்டம்பர் 4, பிற்பகல் 2:44

அவசரப்படாதீர்கள். அமெரிக்க ஆய்வில் ஒதுக்கிய டெஸ்டைச் செய்துகொண்டவர்கள் 75 கிராம் குழுவில் 66 சதவீதம், மற்றதில் 92 சதவீதம். வெறும் வயிற்றோடு வந்து இரண்டு மணி நேரம் உட்காரும் டெஸ்ட் என்பதால் பலர் மாறிவிட்டார்கள். நியூசிலாந்து ஆய்வில் இன்னொரு அட்டவணை இருக்கிறது, அதையும் பாருங்கள்.

சோதனைக்குழாய்
செப்டம்பர் 4, இரவு 10:37

பார்த்துவிட்டு என் முந்தைய குறிப்பின் கடைசி வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். அப்படியே விட்டுவைக்கிறேன், அழிக்கவில்லை. படிப்பவர்களுக்கு எங்கே சறுக்கினேன் என்று தெரியட்டும்.

அந்த அட்டவணை இரண்டு கோடுகளுக்கும் நடுவில் விழுந்த பெண்களைப் பற்றியது. தாழ்ந்த கோட்டுக் குழுவில் இவர்களுக்குச் சிகிச்சை கிடைத்தது. உயர்ந்த கோட்டுக் குழுவில் அதே அளவு சர்க்கரை உள்ளவர்களுக்கு ‘இயல்பு’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எடை மிகுந்த குழந்தை: சிகிச்சை பெற்றவர்களில் 6.2 சதவீதம், பெறாதவர்களில் 18 சதவீதம்.

அதாவது நடுவில் நிற்கும் ஒரு பெண்ணுக்குச் சிகிச்சை வேலை செய்கிறது. அது எப்படி மொத்தக் கணக்கில் கரைந்துபோகிறது? எடை மிகுந்த குழந்தைகளில் பெரும்பகுதி சர்க்கரைக் கோட்டுக்குக் கீழே இருக்கும் தாய்மாருக்குத்தான் பிறக்கிறது. தாயின் உடல் எடை, கர்ப்பத்தில் ஏறிய எடை, மரபு எல்லாம் சேர்ந்து. நடுவில் நிற்பவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. அவர்களிடம் கிடைக்கும் பலன் மற்ற ஒன்பது பேரின் கூட்டத்தில் தெரியாமல் போகிறது.

எனவே “மக்கள் தொகைக்கு எந்தக் கோடு சிக்கனம்” என்பது ஒரு கேள்வி. “94 வந்த இந்தப் பெண்ணுக்கு என்ன செய்யலாம்” என்பது வேறு கேள்வி. முதல் கேள்வியின் பதிலை எடுத்து இரண்டாவதுக்கு மேல் போட்டதுதான் என் பிழை.

பிரசவஅறை
செப்டம்பர் 5, காலை 7:15

இதோடு சிகிச்சை ஆய்வுகள் இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 2005-இல் ஆஸ்திரேலியாவில் நடந்தது, 1,000 பெண்கள்: குழந்தைக்குக் கடுமையான சிக்கல் 4 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாகக் குறைந்தது. 2009-இல் அமெரிக்காவில் லேசான நீரிழிவு மட்டும் உள்ள 958 பெண்கள்: முதன்மை விளைவுத் தொகுப்பில் வித்தியாசம் வரவில்லை, ஆனால் எடை மிகுந்த குழந்தை, தோள் சிக்குதல், சிசேரியன், தாயின் ரத்த அழுத்தக் கோளாறு எல்லாம் குறைந்தன. பெரும்பாலானவர்களுக்கு உணவு மாற்றமும் கண்காணிப்புமே போதுமாயிருந்தது. இன்சுலின் சிலருக்குத்தான்.

சோதனைக்குழாய்
செப்டம்பர் 5, மாலை 6:30

இப்போது என் மனதில் நீண்ட நாளாகக் கிடக்கும் விஷயத்துக்கு வருகிறேன். 92-ஆ 95-ஆ என்று குழுக்கள் மூன்று மில்லிகிராமுக்கு வாதாடுகின்றன. அந்த மூன்று மில்லிகிராமை ஆய்வகத்து மேசையில் ஒரு குழாய் சும்மா நின்றே தின்றுவிடும்.

ரத்தத்தை எடுத்த பிறகும் அதிலுள்ள சிவப்பணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, சர்க்கரையைச் சாப்பிட்டுக்கொண்டே இருக்கின்றன. சாதாரண வெப்பநிலையில் பிளாஸ்மாவைப் பிரிக்காமல் வைத்த குழாயில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். உண்மையில் 95 இருந்தவருக்கு ஒரு மணி நேரம் கழித்து 89 வரும். 92-க்குக் கீழே. அவருக்கு நீரிழிவு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடுவோம். எந்தக் கருவியும் பழுதில்லை, யாரும் தப்பாகப் படிக்கவில்லை. குழாய் வரிசையில் காத்திருந்தது, அவ்வளவுதான்.

அதனால்தான் சாம்பல் மூடிக் குழாய். அதிலுள்ள ஃபுளோரைடு இந்தச் சாப்பாட்டை நிறுத்திவிடும்.

ஆய்வகன்
செப்டம்பர் 5, இரவு 8:11

சோதனைக்குழாய் சார், கடைசி வரி பாதி உண்மை. ஃபுளோரைடு தடுப்பது ஈனோலேஸ் என்ற நொதியை. சர்க்கரை உடையும் பாதையில் அது கடைசிப் பகுதியில் இருக்கிறது. கடைசி வாசலைப் பூட்டினால் உள்ளே வந்த கூட்டம் உடனே நிற்காது, பின்னால் தேங்கி நிரம்பும்வரை முன்வாசலில் ஆள் வந்துகொண்டே இருக்கும். ஆகவே முதல் ஒன்றிரண்டு மணி நேரம் ஃபுளோரைடு குழாயிலும் சர்க்கரை ஏறக்குறைய அதே வேகத்தில் இறங்கும். பிறகுதான் நிற்கும். நாள் முழுக்க நிலையாக இருக்கிறது என்பது உண்மை, ஆனால் நிலையாக இருப்பது ஏற்கெனவே குறைந்துபோன எண்.

சிட்ரேட் சேர்ந்த குழாய் வேறு மாதிரி. அது ரத்தத்தை அமிலமாக்கி, பாதையின் முன்வாசலிலேயே நொதிகளைப் பூட்டுகிறது. வேலை உடனே நிற்கும்.

சோதனைக்குழாய்
செப்டம்பர் 5, இரவு 8:40

ஆமாம், அதுதான் சரி. “நிறுத்திவிடும்” என்று நான் எழுதியது தவறான நம்பிக்கை தரும். ஆய்வகன், செய்முறையையும் எழுதிவிடுங்களேன். பலருக்குப் பயன்படும்.

ஆய்வகன்
செப்டம்பர் 6, காலை 5:58

எழுதுகிறேன், குழாயிலிருந்து பின்னோக்கி.

சிட்ரேட் குழாய் இருந்தால் குறித்த கோடு வரை நிரப்பி, உடனே மெதுவாகப் பத்துத் தடவை தலைகீழாகத் திருப்ப வேண்டும். உள்ளே தூளாக இருப்பது கரையாவிட்டால் அது வெறும் கண்ணாடிக் குழாய்தான். குலுக்கக் கூடாது, அணுக்கள் உடையும். சிட்ரேட் இல்லை, ஃபுளோரைடுதான் என்றால், குழாயைப் பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த குழம்பில் நிறுத்தி, 30 நிமிடத்துக்குள் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும். வெறும் பனிக்கட்டி போதாது. கட்டிக்கும் குழாய்க்கும் நடுவில் காற்றுதான் இருக்கும், தண்ணீர் இருந்தால்தான் குழாயை முழுக்கத் தொடும்.

மூன்று குழாயையும் சேர்த்து வைத்து, இரண்டு மணி முடிந்ததும் ஒன்றாகச் சுழற்றுவது மிகவும் வழக்கமான தவறு. சோம்பலால் அல்ல, ஒரே தடவையில் வேலை முடியும் என்ற நியாயத்தால். ஆனால் இதில் வெறும் வயிற்றுக் குழாய்தான் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் நிற்கிறது. மூன்று எண்களில் அதிகம் குறைவது எது என்றால், கோட்டுக்கு மிக அருகில் நிற்கும் அந்த எண்தான். ஆஸ்திரேலியாவில் ஓர் ஆய்வில், எடுத்த பத்து நிமிடத்துக்குள் ஒவ்வொரு குழாயையும் பிரிக்கத் தொடங்கியதும் கர்ப்பகால நீரிழிவு விகிதம் 11.6-இலிருந்து 20.6 சதவீதத்துக்குப் போனது. கோடு நகரவில்லை. குழாய் மட்டும் காத்திருக்கவில்லை.

குளுக்கோஸ் பொடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 75 கிராம் என்பது நீரற்ற குளுக்கோஸ். கையில் இருப்பது நீரேறிய வகை என்றால் 82.5 கிராம் எடுக்க வேண்டும். பொட்டலத்தின் மேல் எது என்று எழுதியிருக்கும், படித்துப் பாருங்கள். 250 முதல் 300 மில்லி தண்ணீரில் கரைத்து, 5 நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். கடிகாரம் முதல் மடக்கில் தொடங்குகிறது. கடைசி மடக்கில் அல்ல.

பிரசவஅறை
செப்டம்பர் 6, காலை 9:26

டெஸ்டுக்கு வரும் பெண்ணின் பக்கமிருந்து: முந்தைய மூன்று நாள் வழக்கமான உணவு, நாளுக்கு 150 கிராமுக்குக் குறையாத மாவுச்சத்து. “சுகர் டெஸ்ட் வருதே” என்று பயந்து மாவுச்சத்தை நிறுத்திவிட்டு வந்தால், உடல் திடீரென்று வந்த 75 கிராமைச் சமாளிக்கத் திணறி எண் பொய்யாக ஏறும். இரவு 8 முதல் 14 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும். டெஸ்ட் நடக்கும்போது உட்கார்ந்தே இருக்க வேண்டும், நடை, படி ஏறுதல், புகை எதுவும் கூடாது. நடுவில் வாந்தி எடுத்துவிட்டால் டெஸ்ட் செல்லாது. “கொஞ்சம்தானே வந்தது” என்று தொடரக் கூடாது, வேறொரு நாள் மறுபடி.

குழந்தையின் நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் ஒரு வாரமாவது தள்ளி வையுங்கள். அந்த ஊசி சர்க்கரையைச் சில நாள் ஏற்றிவிடும். உடல் எடைக்காக இரைப்பை அறுவை செய்துகொண்டவர்களுக்கு இந்தக் குடிக்கும் டெஸ்டே ஆகாது. சர்க்கரை சடாரென்று குடலுக்குள் இறங்கி மயக்கம், படபடப்பு வரும். அவர்களுக்கு ஒரு வாரம் வீட்டிலேயே விரல் குத்திப் பார்ப்பது நல்ல வழி.

நதிமுகம்
செப்டம்பர் 6, பிற்பகல் 12:02

விரல் குத்திப் பார்ப்பது என்றதும் ஒரு கேள்வி. வீட்டுக் கருவியிலேயே இந்த டெஸ்டைச் செய்துவிட்டால் குழாய்த் தொல்லையே இல்லையே?

சோதனைக்குழாய்
செப்டம்பர் 6, மாலை 5:48

குழாய்த் தொல்லை போகும், வேறொன்று வரும். வீட்டுக் கருவிக்கான சர்வதேசத் தரம் 2013-இல் திருத்தியது. 100-க்குக் கீழே 15 மில்லிகிராம் இந்தப் பக்கம், 15 அந்தப் பக்கம் தள்ளிக் காட்டினாலும் கருவி தேர்ச்சிதான். நூறு அளவீடுகளில் 95 அதற்குள் இருந்தால் போதும். உண்மை 92 என்றால் கருவி 77-ம் காட்டலாம், 107-ம் காட்டலாம். அந்தக் கருவியை வைத்துக்கொண்டு 92-ஆ 95-ஆ என்று தீர்ப்புச் சொல்வது பொருத்தமே இல்லை.

அதோடு, விரல்நுனி ரத்தமும் கை நரம்பில் (சிரையில்) எடுக்கும் ரத்தமும் வெறும் வயிற்றில் ஏறக்குறைய ஒன்றுதான். குளுக்கோஸ் குடித்த பிறகு விரல்நுனியில் கணிசமாக அதிகம் இருக்கும். 140 என்ற கோட்டை நரம்பு ரத்தத்துக்கு வைத்துவிட்டு விரலில் பார்த்தால் தேவையில்லாமல் பலர் மாட்டுவார்கள்.

கண்காணிப்புக்கு அதே கருவி அருமையான துணை. அங்கே ஓர் எண்ணை நம்புவதில்லை, ஒரு வாரத்தின் போக்கைப் பார்க்கிறோம். பொதுவான இலக்கு: வெறும் வயிற்றில் 95-க்குள், சாப்பிட்டு ஒரு மணியில் 140-க்குள், இரண்டு மணியில் பார்த்தால் 120-க்குள். சாப்பிடத் தொடங்கிய நேரத்திலிருந்து கணக்கு. குத்துவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். விரலில் ஒட்டிய பழச்சாறு ஒரு சொட்டு போதும், கருவி 200 காட்டிவிடும்.

கணக்கர்
செப்டம்பர் 7, காலை 10:10

அலகு மாற்றத்திலும் ஒரு பொறி இருக்கிறது. மில்லிமோலை மில்லிகிராமாக்க 18-ஆல் பெருக்குகிறோம். 91 மில்லிகிராமை அப்படியே வகுத்தால் 5.05 சொச்சம் வரும். ஒரு தசம இடத்துக்கு முழுமையாக்கினால் 5.1. கோடு 5.1. ஆக, அதே ரத்தம் மில்லிகிராமில் எழுதும் ஆய்வகத்தில் ‘இல்லை’, மில்லிமோலில் எழுதும் ஆய்வகத்தில் ‘ஆம்’. இரண்டு கருவியும் ஒரே எண்ணைத்தான் பார்த்தன.

நதிமுகம்
செப்டம்பர் 7, காலை 11:37

இவ்வளவு தொல்லைக்குப் பதில் மூன்று மாதச் சராசரி, அந்த எச்பிஏ1சி ஒன்றைப் பார்த்துவிடலாமே?

ஆய்வகன்
செப்டம்பர் 7, மாலை 3:20

கர்ப்பத்தில் சிவப்பணு சீக்கிரம் புதுப்பிக்கப்படுகிறது, அதனால் அந்த எண் தாழ்ந்து நிற்கும். இரும்புச்சத்து குறைந்தால் எதிர்ப்பக்கம், பொய்யாக ஏறும். ஒரே பெண்ணிடம் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். தொடக்க வாரங்களில் 6.5-ம் மேலும் வந்தால், ஏற்கெனவே இருந்த நீரிழிவைக் கண்டுபிடிக்க உதவும். 26-ஆவது வாரத்தில் கர்ப்பகால நீரிழிவைப் பிடிக்க அது உதவாது.

முதல்மழை
செப்டம்பர் 7, இரவு 9:04

இந்தியாவில் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் பரவாயில்லை என்று 75 கிராம் கொடுத்து இரண்டு மணியில் மட்டும் பார்க்கிறார்களே, அது?

பிரசவஅறை
செப்டம்பர் 8, காலை 6:33

டிப்ஸி முறை. இரண்டு மணியில் 140-ம் மேலும் இருந்தால் நீரிழிவு. முதல் வருகையிலேயே ஒரு தடவை, 24–28 வாரத்தில் மறுபடி. இதன் பலம் ஒன்றே ஒன்று, ஆனால் பெரிய பலம்: வெறும் வயிற்றோடு தூரத்திலிருந்து வந்து காத்திருக்க முடியாதவளுக்கும் டெஸ்ட் நடந்துவிடும். செய்யாத நல்ல டெஸ்டைவிடச் செய்த சுமாரான டெஸ்ட் மேல். இதன் பலவீனமும் தெளிவு: வெறும் வயிற்று எண் மட்டும் உயர்ந்திருப்பவர்கள் நழுவிப்போவார்கள்.

அவர்கள் எத்தனை பேர் என்பது இடத்துக்கு இடம் மாறும். ஹாப்போவில் நீரிழிவு என்று ஆனவர்களில் சுமார் 55 சதவீதம் பேர் வெறும் வயிற்று எண்ணாலேயே பிடிபட்டார்கள். ஆனால் பாங்காக்கிலும் ஹாங்காங்கிலும் கால்வாசிப் பேர்தான், பார்படாஸில் நான்கில் மூன்று பங்குப் பேர். எனவே “வெறும் வயிற்று எண் மட்டும் போதும்” என்பதும் “இரண்டு மணி மட்டும் போதும்” என்பதும் எல்லா மக்களுக்கும் ஒரே மாதிரி பொருந்தாது.

சோதனைக்குழாய்
செப்டம்பர் 8, பிற்பகல் 1:12

முதல் வருகை என்றதால் ஒன்று சேர்க்கிறேன். தொடக்க வாரங்களில் எண் கொஞ்சம் ஏறியிருந்தால் உடனே சிகிச்சையா, காத்திருப்பா? 2023-இல் வந்த ஆய்வு, 802 பெண்கள், 20 வாரத்துக்கு முன்பே சிகிச்சை தொடங்கியவர்களில் குழந்தைக்கான சிக்கல்களின் தொகுப்பு 24.9 சதவீதம், தள்ளிப்போட்டவர்களில் 30.5. பலன் தெரிந்தது 95/191/162 வரிசைக்கு மேலே இருந்தவர்களிடம். அதற்குக் கீழ்ப் பட்டையில் இருந்தவர்களுக்குச் சிகிச்சை தந்தபோது எடை குறைந்த குழந்தைகள் கூடின. கோட்டை மிகவும் இறக்கினால் நல்லது மட்டும் நடக்கும் என்று நினைக்க முடியாது. வளரும் குழந்தைக்கு வரும் சர்க்கரையைத் தேவைக்கு மேல் குறைத்தால் அதுவும் கணக்கில் வரும்.

முதல்மழை
செப்டம்பர் 8, மாலை 7:45

கடைசியாகக் கேட்கிறேன். 94, 172, 146. இந்த மூன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சோதனைக்குழாய்
செப்டம்பர் 8, இரவு 10:20

முதலில் அந்த ஆய்வகத்தில் கேளுங்கள்: குழாய்கள் எவ்வளவு நேரத்தில் பிரிக்கப்பட்டன? இரண்டு மணி முடிந்து ஒன்றாகச் சுழற்றினார்கள் என்றால் உங்கள் 94 நிஜத்தில் 98-ஆக இருந்திருக்கலாம். அப்போது கனடாக் கோட்டின்படியும் ‘ஆம்’. உடனே பிரித்தார்கள் என்றால் 94 என்பது 94.

இரண்டாவது, எந்த மருத்துவர் பிரசவம் பார்க்கப்போகிறாரோ அவர் பின்பற்றும் அளவுகோலோடு நில்லுங்கள். நடுவில் மாற்றிக்கொண்டே இருந்தால் கண்காணிப்பு யார் கையிலும் இருக்காது. அவர் ‘இல்லை’ என்பவரானாலும், ஓரிரு வாரம் வீட்டில் விரல் குத்திப் பார்க்கலாமா, குழந்தையின் வயிற்றுச் சுற்றளவை அடுத்த ஸ்கேனில் கவனிக்கலாமா என்று கேளுங்கள். நடுவில் நிற்பவருக்கு அது நியாயமான கேள்வி. வெறும் வயிற்றில் தொடர்ந்து 95-க்கு மேல் வந்தால் பெயர் என்னவாக இருந்தாலும் கவனிப்பு தேவை.

‘ஆம்’ என்று பெயர் விழுந்தால் பயப்பட வேண்டாம். உணவைப் பிரித்து உண்பது, உண்ட பின் நடை, கண்காணிப்பு, இவ்வளவில் பலருக்கு எண் அடங்கிவிடும்.

பிரசவஅறை
செப்டம்பர் 9, காலை 6:41

ஒன்று விட்டுப்போயிற்று. பெயர் விழுந்தவர்கள் பிரசவத்துக்குப் பிறகு 4 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி 75 கிராம் டெஸ்ட் செய்ய வேண்டும். அப்போது கர்ப்பகாலக் கோடுகள் செல்லாது: வெறும் வயிற்றில் 126, இரண்டு மணியில் 200 என்ற பொதுக் கோடுகள்தான். வெறும் வயிற்றில் 100–125 அல்லது இரண்டு மணியில் 140–199 என்றால் நீரிழிவுக்கு முந்தைய நிலை. இயல்பாக வந்தாலும் ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒரு தடவை, ஆயுள் முழுக்க. ஹாப்போ தாய்மாரைப் பத்து முதல் பதினான்கு வருடம் கழித்துப் பார்த்தபோது, 92 வரிசையைத் தாண்டியிருந்தவர்களில் 52.2 சதவீதத்தினருக்குச் சர்க்கரைக் கோளாறு ஏதோ ஒரு நிலையில் இருந்தது, தாண்டாதவர்களில் 20.1. குழந்தையின் தடுப்பூசி அட்டையில் இந்த டெஸ்டின் தேதியையும் எழுதிவையுங்கள். குழந்தைக்கு ஊசி போட மறக்காமல் வருகிறவர்கள் இதற்குத்தான் வராமல் போகிறார்கள்.

முதல்மழை
செப்டம்பர் 9, மாலை 4:55

ஆய்வகத்தில் கேட்டேன். மூன்றையும் சேர்த்துத்தான் சுழற்றினார்களாம். மருத்துவரிடம் சொன்னேன். விரல் குத்திப் பார்க்கும் அட்டவணை கொடுத்திருக்கிறார், நாளை காலையிலிருந்து.